பெண்ணை மையமாகக் கொண்ட மேற்கத்தியத் தொடரைப் பார்ப்பதும் அதைப் பற்றி எழுதுவதும்: ஒரு முழுமையான வழிகாட்டி

விளம்பரப் படத்தில் ஒரு பெண்ணின் முகம் பெரிதாக இருந்துவிட்டால் அந்தத் தொடர் அவருடைய கதை என்று நாம் எளிதில் நம்பிவிடுகிறோம். தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. "கதாநாயகி" என்ற சொல் பல பத்தாண்டுகளாகக் கதாநாயகனின் இணை என்ற பொருளிலேயே நம்மிடம் புழங்கி வந்திருப்பதால், அந்தச் சொல்லை எடுத்தவுடனேயே அந்தப் பெண் யாருக்கு மனைவி, யாருக்குக் காதலி என்ற கேள்வியும் உடன் வந்து நின்றுகொள்கிறது. ஆகவே இந்த வழிகாட்டியில் "முதன்மைப் பாத்திரம்" என்ற சொல்லையே பயன்படுத்துகிறேன். யாருடைய முடிவுகளால் கதை திரும்புகிறதோ, அந்த முடிவுகளின் விளைவை யார் கடைசிவரை சுமக்கிறாரோ, அவரே முதன்மைப் பாத்திரம். கீழே சொல்லும் படிகள் எல்லாம் இந்த வரையறையை ஒரு தொடரின் மீது வைத்துப் பார்ப்பதற்கான வழிகள்தான்.

அமெரிக்க, பிரிட்டன், டென்மார்க் தொடர்களை ஓடிடி தளங்களில் பார்த்துவிட்டு அவற்றைப் பற்றித் தமிழில் நாலு பக்கம் பொறுப்பாக எழுத விரும்புகிறவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். தேவையானவை ஒரு நோட்டுப் புத்தகமும், முதல் எபிசோடை இரண்டு முறை பார்க்கும் பொறுமையும் மட்டுமே. சில தொடர்களின் முடிவுகளையும் இங்கே வெளிப்படையாகப் பேசியிருக்கிறேன், ஏனென்றால் முடிவைத் தொடாமல் இந்த விஷயத்தை முழுமையாகப் பேச முடியாது.

முதல் படி: தொடர் எந்தச் சூழலில் பிறந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஒரு பெண் பாத்திரம் எவ்வளவு தூரம் போக அனுமதிக்கப்பட்டது என்பது, அந்தத் தொடர் எந்த ஆண்டில், எந்த வகை நிறுவனத்துக்காக எடுக்கப்பட்டது என்பதைப் பெரிதும் சார்ந்தது. இதற்கு "கேக்னி அண்ட் லேசி"யின் கதையைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியாது. நியூயார்க் காவல்துறையில் இரண்டு பெண் துப்பறிவாளர்கள் என்ற யோசனையை பார்பரா அவெடனும் பார்பரா கார்டேயும் 1970களின் நடுவிலேயே எழுதிவிட்டார்கள். அது தொலைக்காட்சிப் படமாக வெளிவர 1981 ஆயிற்று. 1982ல் சி.பி.எஸ். என்ற அமெரிக்க ஒளிபரப்பு நிறுவனம் அதைத் தொடராக்கியது. கேக்னியாக அப்போது நடித்த மெக் ஃபாஸ்டர் ஆறு எபிசோடுகளுக்குப் பிறகு மாற்றப்பட்டார். அந்த இரண்டு பெண்களும் கொஞ்சமும் மென்மை இல்லாதவர்களாக, பெண் விடுதலை பேசுகிறவர்களாகத் தெரிகிறார்கள் என்பது நிறுவனத் தரப்பிலிருந்து அன்று பத்திரிகையில் வெளிவந்த விளக்கம். அவருடைய இடத்துக்கு ஷரன் கிளெஸ் வந்தார். 1983ல் தொடரையே நிறுத்தினார்கள். பார்வையாளர்கள் கடிதம் கடிதமாக எழுதிக் குவித்த பிறகு மறு ஆண்டு அது திரும்பி வந்து 1988 வரை ஓடியது. 1983 முதல் 1988 வரை ஆறு ஆண்டுகளும் நாடகத் தொடரின் முதன்மை நடிகைக்கான எம்மி விருது (அமெரிக்கத் தொலைக்காட்சியின் முதன்மை விருது) லேசியாக நடித்த டைன் டேலி, ஷரன் கிளெஸ் ஆகிய இருவரில் ஒருவருக்கே கிடைத்தது. எந்தப் பாத்திரங்கள் மென்மையாக இல்லை என்று நிறுவனம் கவலைப்பட்டதோ, அவைதான் அந்தப் பத்தாண்டின் சிறந்த பெண் நடிப்புக்கு இடமளித்தன.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு, நீங்கள் எடுத்துக்கொண்ட தொடர் எந்த வகை என்று குறித்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் பொது ஒளிபரப்பு நிறுவனங்களில் ஆண்டுக்கு 22 எபிசோடுகள் என்பது நீண்டகால வழக்கம். அங்கே வாரம் ஒரு வழக்கு, வாரம் ஒரு நோயாளி என்று கதையை ஓட்டியாக வேண்டியிருப்பதால் பாத்திரத்தின் மாற்றம் மிக மெதுவாக, துளித்துளியாகத்தான் நிகழும். பிரிட்டனில் ஒரு சீசன் ஆறு எபிசோடுகளோடு முடிந்துவிடலாம்; பெரும்பாலும் ஒரே எழுத்தாளரே முழுவதையும் எழுதுவார். கட்டணச் சேனல்களிலும் ஓடிடி தளங்களிலும் விளம்பரதாரரின் அச்சம் குறைவு என்பதால் உடல், போதை, வன்முறை ஆகியவற்றைக் காட்டும் எல்லை விரிகிறது. எல்லை விரிவது எப்போதும் பெண் பாத்திரத்துக்கு நன்மையாக முடிகிறது என்று சொல்ல முடியாது. அதைப் பின்னால் பார்ப்போம்.

இரண்டாம் படி: முதல் பத்து நிமிடத்தை இரண்டு முறை பாருங்கள்

முதல் முறை கதைக்காகப் பாருங்கள். இரண்டாம் முறை, அந்தப் பெண்ணை நமக்கு அறிமுகப்படுத்துவது யார் என்ற ஒரே கேள்வியோடு பாருங்கள். வேறொருவரின் கண் வழியாக அவரைப் பார்க்கிறோமா, அவரது கண் வழியாக உலகைப் பார்க்கிறோமா என்பதுதான் கேள்வி.

2009ல் சி.பி.எஸ். நிறுவனத்தில் தொடங்கிய "தி குட் வைஃப்" தொடரை எடுத்துக்கொள்வோம். ராபர்ட் கிங், மிஷல் கிங் தம்பதி உருவாக்கியது. தொடக்கத்தில் சிகாகோவின் அரசு வழக்கறிஞர் பீட்டர் ஃபுளோரிக் பாலியல் விவகாரத்திலும் ஊழல் குற்றச்சாட்டிலும் சிக்கிப் பதவி விலகுவதாகச் செய்தியாளர்களிடம் அறிவிக்கிறார். பக்கத்தில் மனைவி அலீஷா நிற்கிறார். ஜூலியானா மார்குலிஸ் நடித்த பாத்திரம். அமெரிக்க அரசியலில் தவறு செய்த கணவனுக்குப் பக்கத்தில் வாய் திறக்காமல் நின்ற மனைவிகளின் படங்களை உலகமே பார்த்துப் பழகியிருந்த காலம் அது. அந்தப் படத்தின் ஓரத்தில் நின்ற பெண்ணை இந்தக் காட்சி நடுவுக்குக் கொண்டுவருகிறது. கணவர் பேசிக்கொண்டே போக, அலீஷாவின் பார்வை அவரது கோட்டுக் கையில் ஒட்டியிருக்கும் ஒரு சிறு நூலில் போய் நிற்கிறது. அதை எடுப்பதற்காக அவரது கை மெல்ல நீள்கிறது. பல ஆண்டு இல்லறம் பழக்கிவிட்ட கை அது. மனம் இடிந்து கிடக்கும்போதும் கணவரின் சட்டையைச் சரிசெய்யப் போகிறது. கூட்டம் முடிந்து இருவரும் உள்ளே போகிறார்கள். நடைவழியில் தனித்து விடப்பட்டதும் அலீஷா கணவரை ஓங்கி அறைகிறார்.

முதல் முறை பார்த்தபோது எனக்கு அறை மட்டும்தான் நினைவில் நின்றது. இரண்டாம் முறை பார்த்தபோதுதான் நூலைக் கவனித்தேன். கை நூலுக்கு நீள்வதும் அதே கை கன்னத்தில் இறங்குவதும்தான் 156 எபிசோடுகளுக்கான விதை என்று அதன் பிறகே விளங்கியது. இரண்டு முறை பார்க்கச் சொல்வதற்கு இதுவே காரணம்.

இன்னொரு தொடக்கத்தையும் பாருங்கள். பிபிசியில் 2014ல் வந்த "ஹேப்பி வேலி", சேலி வெய்ன்ரைட் எழுதியது. வடக்கு இங்கிலாந்தில் வெஸ்ட் யார்க்‌ஷரின் கால்டர் பள்ளத்தாக்கில் நடப்பது. குடித்துவிட்டு ஓர் இளைஞன் சிறுவர் விளையாட்டுத் திடலில் உயரே ஏறி உட்கார்ந்துகொண்டு, உடம்பில் பெட்ரோலை ஊற்றி, கையில் லைட்டருடன் மிரட்டுகிறான். காதலி விட்டுப் போய்விட்டாள் என்பது பிரச்சினை. காவல் சார்ஜென்ட் கேத்தரின் கேவுட் பக்கத்துக் கடையில் தீயணைப்புக் கருவியைக் கேட்டு வாங்குகிறார். கண்ணைக் காக்கக் குளிர்கண்ணாடியையும் மாட்டிக்கொள்கிறார். பிறகு திடலுக்கு வந்து அந்த இளைஞனிடம் தன்னை அறிமுகம் செய்துகொள்கிறார்: வயது 47, விவாகரத்து ஆனவர், ஹெராயின் பழக்கத்திலிருந்து மீண்டுவரும் தங்கையுடன் வசிக்கிறார், வளர்ந்த பிள்ளைகள் இரண்டு பேரில் ஒருவர் இறந்துவிட்டார், மற்றவர் தன்னோடு பேசுவதில்லை, வீட்டில் ஒரு பேரன். இத்தனை துயரத்தையும் ஒரு விண்ணப்பப் படிவத்தை நிரப்புவதுபோல ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிறார். சாரா லாங்கஷர் அந்த வரிகளில் எதையும் அழுத்திச் சொல்வதில்லை. வேறு எவரும் இவரைப் பற்றி நமக்கு எதையும் விளக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். தன் வாழ்க்கையின் இழப்புகளை ஒரு வேலைக் கருவியாகப் பயன்படுத்தி, எதிரே இருப்பவனைப் பேச்சில் இருத்திவைக்கிறார். தொழிலும் துயரமும் ஒரே வாக்கியத்தில் வந்துவிடுகின்றன.

உங்கள் நோட்டில் இப்படி ஒரே ஒரு காட்சியை மட்டும் விரிவாக, பொருள்கள், கைகள், பார்வைகள் உட்பட எழுதிவையுங்கள். கட்டுரை எழுதும்போது அந்த ஒரு பக்கம்தான் உங்களைக் காப்பாற்றும்.

மூன்றாம் படி: முடிவுகளுக்கு ஒரு கணக்கேடு

பக்கத்தை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம், எபிசோடில் கதையைத் திருப்பிய ஒவ்வொரு முடிவையும், அதை எடுத்தவர் பெயரையும் எழுதுங்கள். வலப்பக்கம், அந்த முடிவால் யார் எதை இழந்தார் என்று எழுதுங்கள். மூன்று எபிசோடுகளுக்கு இப்படிச் செய்தால் போதும், தொடரின் உண்மையான மையம் தெரிந்துவிடும்.

1991ல் பிரிட்டனின் ஐடிவியில் வந்த "பிரைம் சஸ்பெக்ட்" இந்தப் பயிற்சிக்கு ஏற்றது. லிண்டா லா பிளாண்ட் எழுதினார். உண்மையான ஒரு பெண் அதிகாரி ஜாக்கி மால்டனின் அனுபவங்கள் அந்தப் பாத்திரத்துக்கு அடித்தளமாக இருந்தன. ஹெலன் மிரன் நடித்த தலைமை ஆய்வாளர் ஜேன் டெனிசன் தகுதியிருந்தும் கொலை விசாரணைகள் தரப்படாமல் உட்கார வைக்கப்பட்டவர். விசாரணையை நடத்திக்கொண்டிருந்த ஆண் அதிகாரி மாரடைப்பில் இறந்ததும், அந்தப் பொறுப்பைத் தனக்குத் தரும்படி மேலதிகாரியிடம் போய்க் கேட்கிறார். உடன் பணியாற்றியவரின் இறப்புக்கு இன்னும் துக்கம் கூட முடியவில்லையே என்று அலுவலகமே முகம் சுளிக்கிறது. கணக்கேட்டின் முதல் வரி இதுதான்: கேட்டவர் டெனிசன், இழந்தது சக ஊழியர்களின் நல்லெண்ணம். அடுத்த வரி: சடலத்தின் அடையாளமே தவறாகக் கொள்ளப்பட்டிருப்பதைக் கண்டுபிடிப்பவர் டெனிசன், இழப்பது இறந்த அதிகாரியின் நற்பெயர், அதனால் அந்த அதிகாரியின் நண்பர்களின் பகை இன்னும் கூடுகிறது. விசாரணை முன்னேறும் ஒவ்வோர் அடியிலும் அவரது வீட்டு வாழ்க்கை ஓர் அடி பின்வாங்குகிறது. இரண்டு பக்கத்திலும் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருமானால் ஐயமே வேண்டாம், அது முதன்மைப் பாத்திரம்.

மாறாக, இடப்பக்கம் முழுவதும் ஆண்களின் பெயர்களும் வலப்பக்கம் முழுவதும் பெண்ணின் பெயரும் இருந்தால், அந்தப் பெண் எத்தனை காட்சிகளில் வந்தாலும் அவர் துயரத்தைத் தாங்கும் இடம் மட்டுமே. கணக்கேடு இடையில் மாறுவதும் உண்டு. 2017ல் தொடங்கிய "தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்" தொடர், பெண்களைப் பிள்ளை பெறும் அடிமைகளாக்கிய ஒரு கற்பனை நாட்டின் கதை. அதன் முதல் சீசனில் ஜூன் என்ற அடிமைப் பெண் எடுக்கும் முடிவுகள் மிகச் சிறியவை. ஒரு சொல்லைச் சொல்வதா, விழுங்குவதா என்ற அளவிலானவை. ஆனால் அந்தச் சிறுமையே அடிமை வாழ்வின் உண்மையைக் காட்டியது. பின்வந்த சீசன்களில் அவர் சிக்குவதும் தப்புவதும் மறுபடி சிக்குவதுமாக வலப்பக்கம் நிரம்பிக்கொண்டே போனது. வதைக் காட்சிகள் திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்துப் பல பார்வையாளர்கள் சலித்து விலகினார்கள். முடிவின் பாரம் இல்லாமல் இழப்பு மட்டும் பெருகினால் என்ன ஆகும் என்பதை நான் அங்கேதான் புரிந்துகொண்டேன்.

நான்காம் படி: வேலை உண்மையாகவே வேலையாக இருக்கிறதா

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். பாத்திரம் மருத்துவர், வழக்கறிஞர், அமைச்சர் என்று பெயருக்குச் சொல்லிவிட்டு, காதல் காட்சிகளுக்கு இடையில் வெள்ளைக் கோட்டு மாட்டிவிடும் தொடர்கள் உண்டு. அவரது தொழில் அறிவு இல்லாவிட்டால் இந்தக் கதை நின்றுபோகுமா என்று கேளுங்கள். டென்மார்க்கின் "ஃபோர்ப்ரூடெல்சன்" 2007ல் வந்தது. அதன் முதல் சீசனில் 20 எபிசோடுகள். ஒவ்வோர் எபிசோடும் விசாரணையின் ஒரு நாள். துப்பறிவாளர் சாரா லுண்ட் ஒரு வெற்று அறையில் நின்று சும்மா பார்த்துக்கொண்டிருக்கும் நேரங்கள் நிறைய வருகின்றன. அந்தப் பார்வைதான் அவரது வேலை. அதற்கு நேரம் ஒதுக்கியதால்தான் அந்தத் தொடர் உயர்ந்து நிற்கிறது.

ஐந்தாம் படி: இதையே ஓர் ஆண் செய்திருந்தால் என்ன நினைத்திருப்பேன்

இந்தப் படியில் சோதனைக்கு உள்ளாவது தொடர் அல்ல, பார்க்கும் நாம். 2008 முதல் 2013 வரை வந்த "பிரேக்கிங் பேட்" தொடரில் வால்டர் வைட் போதைப்பொருள் காய்ச்சுகிறார், கொலை செய்கிறார், குடும்பத்திடம் ஆண்டுக்கணக்கில் பொய் சொல்கிறார். அவரைத் தடுக்க முயலும் மனைவி ஸ்கைலர் மீது பார்வையாளர்களில் ஒரு பெரும் கூட்டம் வெறுப்பைக் கொட்டியது. வெறுப்பு பாத்திரத்தைத் தாண்டி நடிகை அன்னா கன்னையே தொட்டபோது, 2013 ஆகஸ்டில் அவர் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் இதைப் பற்றி எழுதினார். பணிந்து போகாத மனைவியைப் பற்றி மக்கள் மனத்தில் இருக்கும் எண்ணமே தன் பாத்திரத்தின் மீது வந்து விழுந்தது என்பது அவர் வாதத்தின் சாரம். முதன்மைப் பாத்திரத்தின் பக்கம் சாய்வது பார்வையாளரின் இயல்பு. அந்தச் சாய்வு ஆண் கொலைகாரருக்குக் கிடைத்த வேகத்தில், தவறு செய்யும் பெண்ணுக்கும் கிடைக்கிறதா என்று உங்கள் மனத்தை நீங்களே கவனித்து எழுதுங்கள்.

வீட்டைப் பற்றிய காட்சிகளில்தான் இந்தச் சோதனை மிகக் கூர்மையாக வேலை செய்யும். டென்மார்க்கின் "போர்கன்" 2010ல் தொடங்கியது. சிட்சே பபெட் நுட்சன் நடித்த பிர்கிட்டே நிபோர் நாட்டின் முதல் பெண் பிரதமராகிறார். உண்மையான டென்மார்க்கில் ஹெல்லே தோர்னிங் ஷ்மிட் முதல் பெண் பிரதமரானது 2011ல்தான், தொடர் முந்திக்கொண்டது. பதவியின் முதல் ஆண்டிலேயே அவரது மணவாழ்வு உடைகிறது. பிறகு மகளுக்கு மனப்பதற்ற நோய் வந்து, அதற்காகப் பிரதமர் பணியிலிருந்தே தற்காலிகமாக விலக நேர்கிறது. இந்த இடத்தில் நான் நீண்ட நேரம் தடுமாறினேன். பதவிக்கு வந்த பெண் வீட்டை இழப்பாள் என்ற பழைய எச்சரிக்கையைத்தான் தொடர் திரும்பச் சொல்கிறதா? அல்லது பிரதமர் பதவியே யாருடைய வீட்டையும் உண்டுவிடும் என்பதையும், ஆண் பிரதமர்களின் வீடு கலையாமல் இருந்ததற்குக் காரணம் வீட்டில் ஒரு பெண் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு நின்றதுதான் என்பதையும் காட்டுகிறதா? இரண்டாவது வாசிப்பே சரி என்று இன்று நினைக்கிறேன், ஏனென்றால் கணவர் பிலிப் தன் வேலையை விட்டுக்கொடுக்க நேரும்போது கொள்ளும் மனக்கசப்பைத் தொடர் ஒளிக்காமல் காட்டுகிறது. உங்கள் முடிவு வேறாக இருக்கலாம். எந்தக் காட்சியை வைத்து அந்த முடிவுக்கு வந்தீர்கள் என்பதை மட்டும் தவறாமல் எழுதுங்கள்.

ஆறாம் படி: கேமரா அந்த உடலை எப்படிப் பார்க்கிறது

உடை, ஒப்பனை, வெளிச்சம், அண்மைக் காட்சி ஆகிய நான்கையும் தனியே குறித்துக்கொள்ளுங்கள். சாரா லுண்ட் அணிந்த ஃபாரோ தீவுகளின் கம்பளிச் சட்டை பிரிட்டனில் தொடர் ஒளிபரப்பானபோது பெரும் பேச்சானது. அதைத் தேர்ந்ததில் நடிகை சோஃபி கிரோபோலுக்கே பங்குண்டு. வேலைக்கு வசதியான, யாரையும் கவர முயலாத, நாள்தோறும் அதே உடை. 2021ல் வந்த "மேர் ஆஃப் ஈஸ்ட்டவுன்" தொடரில் பென்சில்வேனியாவின் சிற்றூர்த் துப்பறிவாளராக நடித்த கேட் வின்ஸ்லெட், படுக்கையறைக் காட்சியில் தெரிந்த வயிற்றுச் சதையை மறைக்க இயக்குநர் முன்வந்தபோது மறுத்துவிட்டார். விளம்பரப் படத்தில் முகச் சுருக்கங்களை அழித்திருந்ததையும் திருப்பி அனுப்பினார்.

ஆனால் இந்தப் படிக்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டுவது "ஹவ் டு கெட் அவே வித் மர்டர்" தொடரின் நான்காம் எபிசோடை. ஆண்டு 2014. சட்டப் பேராசிரியர் அனலீஸ் கீட்டிங் இரவில் கண்ணாடி முன் உட்காருகிறார். நகைகளைக் கழற்றுகிறார். அடுத்து, தலையில் இருந்த விக்கை எடுத்து வைக்கிறார்; உள்ளே ஒட்ட வெட்டிய அவரது சொந்த முடி. ஒட்டு இமைகளை ஒவ்வொன்றாக உரிக்கிறார். பஞ்சால் முகத்தைத் துடைக்கத் துடைக்க, வகுப்பறையிலும் நீதிமன்றத்திலும் நாம் பார்த்த அந்தக் கவசம் முழுவதும் கரைந்து, களைத்த ஒரு கறுப்பினப் பெண்ணின் முகம் எஞ்சுகிறது. இந்தக் காட்சி வேண்டும் என்று கேட்டவர் நடிகை வயோலா டேவிஸ். பின்னணியில் கணவர் வந்து நிற்க, இறந்துபோன மாணவியின் கைபேசியில் உன் அந்தரங்கப் படம் எப்படி வந்தது என்று அந்த முகத்தோடுதான் கேட்கிறார். ஒப்பனையைக் கலைப்பது அழகைக் கலைப்பதாக அங்கே பொருள்படவில்லை, ஆயுதத்தை எடுப்பதுபோல இருக்கிறது. மறு ஆண்டு, நாடகத் தொடரின் முதன்மை நடிகைக்கான எம்மி விருதைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண் ஆனார் டேவிஸ். அந்த விருது தொடங்கி அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகியிருந்தது.

ஏழாம் படி: அவரைச் சுற்றி இருக்கும் பெண்கள்

1985ல் ஓவியர் அலிசன் பெக்டெல் தன் சித்திரக்கதையில் வைத்த சோதனை பலருக்குத் தெரிந்திருக்கும். கதையில் இரண்டு பெண்களாவது இருக்க வேண்டும், அவர்கள் தங்களுக்குள் பேச வேண்டும், அந்தப் பேச்சு ஓர் ஆணைப் பற்றியதாக இருக்கக் கூடாது. தொடக்கத்துக்கு இது உதவும். ஆனால் பல மணி நேரம் ஓடும் தொடரில் இதைத் தாண்டுவது எளிது என்பதால் இதோடு நின்றுவிடாதீர்கள். ஹேப்பி வேலியில் கேத்தரினும் தங்கை கிளேரும் வீட்டின் பின்புறம் உட்கார்ந்து தேநீரும் சிகரெட்டுமாகப் பேசும் காட்சிகள் பெரும்பாலும் டாமி லீ ராய்ஸ் என்ற ஆணைப் பற்றியவைதான். ஆயினும் அவை தொலைக்காட்சி கண்ட மிக நேர்மையான சகோதரிப் பேச்சுகளில் சேரும்.

இறந்த பெண்களையும் எண்ணுங்கள். பெண் துப்பறிவாளர் வந்த பிறகும் முதல் காட்சியின் பெண் சடலம் போய்விடவில்லை. அந்தச் சடலத்துக்கு ஒரு வாழ்க்கை தரப்பட்டதா என்பதுதான் கேட்க வேண்டியது. ஃபோர்ப்ரூடெல்சன் கொலையுண்ட நன்னாவின் பெற்றோருக்கு விசாரணைக்குச் சமமான நேரத்தைத் தந்தது. ஹேப்பி வேலியின் முதல் சீசனில், கடத்தப்பட்டுக் கட்டிப்போடப்பட்ட ஆன் என்ற இளம்பெண்ணே, தன்னைக் காக்க வந்து அடிபட்டு விழுந்த கேத்தரினை வெளியே இழுத்து வந்து காப்பாற்றுகிறார். யார் யாரைக் காப்பாற்றுவார் என்று நாம் எதிர்பார்த்திருந்த வரிசை அங்கே தலைகீழாகிறது.

எட்டாம் படி: எழுதிய கை யாருடையது

தொடரின் இறுதிப் பெயர்ப்பட்டியலில் எழுத்தாளர், தலைமை எழுத்தாளர், தயாரிப்பாளர் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் பெண் எழுதினால் நல்ல பாத்திரம், ஆண் எழுதினால் கெட்ட பாத்திரம் என்ற எளிய கணக்குக்குப் போய்விட வேண்டாம். மேர் ஆஃப் ஈஸ்ட்டவுனை எழுதிய பிராட் இங்கல்ஸ்பியும் ஃபோர்ப்ரூடெல்சனை எழுதிய சோரன் ஸ்வைஸ்ட்ரப்பும் ஆண்கள். முதன்மை நடிகையே தயாரிப்பாளராகவும் இருக்கிறாரா என்று பார்ப்பது இதைவிடப் பயன்தரும். பாத்திரத்தின் சார்பில் மறுத்துப் பேசும் அதிகாரம் அங்கேதான் வருகிறது.

எந்தப் பெண் என்பதும் இந்தப் படியில்தான் வர வேண்டும். 2012ல் ஷோண்டா ரைம்ஸின் "ஸ்கேண்டல்" தொடரில் கெர்ரி வாஷிங்டன் முதன்மைப் பாத்திரம் ஏற்றபோது, அமெரிக்கப் பொது ஒளிபரப்பு நாடகத்தில் ஒரு கறுப்பினப் பெண் அந்த இடத்துக்கு வந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. 2022ல் "பிரிட்ஜர்டன்" இரண்டாம் சீசனில் கேட் ஷர்மாவாக வந்த சிமோன் ஆஷ்லி தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். லண்டன் மாளிகைகளின் நடுவே தந்தையை அவர் "அப்பா" என்று குறிப்பிடும்போது நம் காது சட்டென்று நிமிர்கிறது. அதே வீட்டில் தங்கை அவரை, அக்கா என்பதற்கான இந்திச் சொல்லால், "தீதி" என்று அழைக்கிறார். இந்தியாவை ஒரே வீடாகக் கலந்து கட்டியதில் மகிழ்வதா, எந்த ஊர்ப் பெண் என்று எழுத்தாளர்கள் முடிவு செய்யவில்லையே என்று வருந்துவதா என்பதைக் கட்டுரையில் எழுதத் தகுந்தவர்கள் தமிழ் வாசகர்களே.

ஒன்பதாம் படி: முடிவைத் தொடக்கத்தோடு வைத்துப் பாருங்கள்

இரண்டாம் படியில் எழுதிய பக்கத்தை இப்போது எடுங்கள். 2016 மே மாதம் தி குட் வைஃப் முடிகிறது. ஆளுநராகி மறுபடி குற்றச்சாட்டில் சிக்கிய பீட்டர் மறுபடி பதவி விலகுகிறார். மறுபடி செய்தியாளர் கூட்டம், மறுபடி பக்கத்தில் அலீஷா. கணவரைச் சிறைக்குப் போகாமல் காக்கும் முயற்சியில், தன் தோழியும் வழக்கறிஞர் நிறுவனப் பங்காளியுமான டயான் லாக்ஹார்ட்டின் கணவரை நீதிமன்றக் கூண்டில் அவமானப்படுத்தும் கேள்விகளுக்கு அலீஷா இடம் கொடுத்திருக்கிறார். கூட்டம் முடிந்ததும் நடைவழியில் டயான் எதிரே வந்து அலீஷாவை அறைகிறார். அலீஷா கண்ணைத் துடைத்து, கோட்டைச் சரிசெய்துகொண்டு நடந்து போகிறார்.

பலருக்கு இந்த முடிவு பிடிக்கவில்லை. ஏழு ஆண்டுகள் கூடவே வந்த பெண்ணை இப்படியா விடுவது என்று கோபப்பட்டார்கள். எனக்கு இது மிகுந்த மரியாதையான முடிவாகப் படுகிறது. முதல் நாளில் மற்றவரின் முடிவால் அடிபட்டு நின்றவர், கடைசி நாளில் தன் முடிவால் இன்னொருவரைக் காயப்படுத்திவிட்டு அதற்கான அறையை வாங்குகிறார். கணக்கேட்டின் இரண்டு பக்கமும் அவர் பெயர்தான். தியாகத் திருவுருவாகவோ தண்டனைக்குரிய பாவியாகவோ ஆக்காமல், செய்ததற்குப் பொறுப்பேற்கும் முழு மனிதராக ஒரு பெண்ணை விட்டுச் செல்வது தொலைக்காட்சியில் அடிக்கடி நடப்பதில்லை.

பத்தாம் படி: தமிழில் எழுதும்போது

கடைசி முடிவு உங்களுடையது: அவளா, அவரா? ஆங்கிலத்துக்கு இந்தக் கேள்வி கிடையாது. நம் விமரிசனங்களில் ஆண் காவல் அதிகாரி "அவர்" என்றும், அதே பதவியில் இருக்கும் பெண் "அவள்" என்றும் எழுதப்படுவதை நான் பல முறை கண்டிருக்கிறேன். நானும் அப்படி எழுதியிருக்கிறேன். நெருக்கம் வேண்டி "அவள்" என்று எழுதுவதில் தவறில்லை, ஆனால் அதே நெருக்கம் ஆண் பாத்திரத்துக்கும் இருக்க வேண்டும். தமிழ் டப்பிங்கில் பார்க்கிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மூலத்தில் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் ஒரே சொல்லால் விளித்திருப்பார்கள். மொழிமாற்றத்தில் அவர் "நீ" என்றும் இவர் "நீங்க" என்றும் ஆனால், எழுத்தாளர் சமமாக நிறுத்திய இருவர் மேலும் கீழுமாக நமக்கு வந்து சேர்வார்கள். முடிந்தால் மூல ஒலியில் சப்டைட்டிலோடு பாருங்கள். "சிங்கப்பெண்", "ஆண்களுக்கு நிகராக", "இரும்புப் பெண்மணி" ஆகிய சொற்களை முதல் வரைவிலேயே அடித்துவிட்டு, அந்த இடத்தில் அவர் செய்த ஒரு செயலை எழுதுங்கள்.

வரைவு முடிந்ததும் அந்தப் பெண்ணைப் பற்றிய வினைச்சொற்களை மட்டும் பென்சிலால் அடிக்கோடிடுங்கள். ஏமாற்றப்படுகிறார், கைவிடப்படுகிறார், காப்பாற்றப்படுகிறார் என்று வரிசையாக வந்தால், மூன்றாம் படியில் போட்ட கணக்கேட்டைத் திறந்து பக்கத்தில் வையுங்கள். அங்கே இடப்பக்கத்தில் அவர் பெயர் நிறைய இருந்தால், தொடரில் இருந்த அவருடைய முடிவுகள் உங்கள் கட்டுரைக்கு வந்து சேரவில்லை. தேடுகிறார், மறுக்கிறார், பொய் சொல்கிறார், கேட்டு வாங்குகிறார் என்று அந்தப் பத்திகளைத் திருப்பி எழுதுங்கள்.